செம்புக் கோடு

கூடத்தில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த அவருடைய கை அப்படியே நின்றது. சாவு வீட்டில் இது என்ன சிரிப்பு என்று கோபப்பட்டிருக்கலாம். அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, நேற்றுச் சாயங்காலம்தான் எல்லாம் ஓய்ந்திருந்தது. இனி வண்டி வர வேண்டும். மனைவியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதுவரைக்கும் வருகிறவர்களுக்கு டீ கொடுக்க வேண்டும்.

மச்சினி உள்ளே வந்தாள். அழுது அழுது அவள் குரல் கட்டியிருந்தது.

"அக்கா வேலை பாத்த லேப்ல இருந்து வந்திருக்காங்க மாமா. அக்காவை ரேடியோங்கறாங்க."

"என்னது?"

"ரேடியோ. அங்க அதான் அவளுக்குப் பேராம். காலையில வாயைத் திறந்தா சாயங்காலம் வரைக்கும் மூட மாட்டாளாம். வேற யாரையோ சொல்றாங்களோன்னு அக்கா முகத்தை இன்னொரு தரம் பாத்துட்டு வந்தேன்."

அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார். மனைவி கண்ணாடிப் பெட்டிக்குள் வாயை மூடிப் படுத்திருந்தாள். அவருக்குத் தெரிந்த முகம் அதுதான். வேலையிலிருந்து வந்ததும் பையை வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்காருவாள். கேட்டால் பதில் சொல்லுவாள். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அவள் சுபாவம் அது என்று நினைத்து, அவரும் கேட்பதைக் குறைத்துக்கொண்டார். இரண்டு பேரும் அப்படியே பழகிவிட்டார்கள். அப்படித்தான் அவர் நினைத்திருந்தார்.

சிரித்தவர் சிலிண்டர்காரர். ஆலையின் பரிசோதனைக் கூடத்துக்கு வாயு சிலிண்டர் கொண்டுவந்து இறக்குகிறவர். தட்டோடு வந்தவரைக் கண்டதும் சட்டென்று எழுந்து நின்றார்.

"மன்னிச்சிருங்க சார். அவங்களை நினைச்சாலே சிரிப்புதான் வருது. கூடவே அழுகையும் வருது."

"உக்காருங்க. என்ன சொல்லிட்டு இருந்தீங்க?"

சிலிண்டர்காரர் பக்கத்திலிருந்த பெண்ணைப் பார்த்தார். லேபில் மனைவியோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவள். "சொல்லுங்க, பரவால்ல," என்றாள் அவள்.

"நான் பண்ணின கூத்துதான் சார். வெல்டிங் ஷாப்புக்குப் போக வேண்டிய சிலிண்டரை லேப்ல இறக்கிட்டேன். ரெண்டும் ஒரே உயரம், ஒரே நிறம். லேபுக்குச் சுத்தமான ஆர்கான்தான் வேணும். அதுல கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்திருந்துது."

அந்த வாயுவை வைத்து உலோகத்தைப் பரிசோதிக்கும் லேப் கருவியைப் பற்றி மனைவி கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். உலோகத் துண்டை ஒரு சின்ன அறையின் வாயில் வைத்து மூடி, காற்றை உறிஞ்சிவிட்டுக் கொஞ்சம் ஆர்கானை விட்டு, மின்சாரம் பாய்ச்சுவார்கள். உள்ளே மெல்லிய ஒளி எழும்பும். துண்டிலிருந்து அணு அணுவாகப் பெயர்ந்து வருவதெல்லாம் அந்த ஒளியில் தனக்கென்று உள்ள கோட்டைக் காட்டும். கோட்டின் பிரகாசத்தை வைத்து, எது எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அன்றைக்கு அவள் கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. அவர் என்ன பதில் சொன்னார் என்பது ஞாபகம் வரவில்லை.

"எது எவ்வளவுன்னு ஏற்கெனவே தெரிஞ்ச துண்டையே வெச்சுப் பாத்தோம்ணே," என்று அந்தப் பெண் தொடர்ந்தாள். "செம்போட கோடு மங்கிப் படுத்துருச்சு. இரும்போட கோடு ஒண்ணு எகிறிருச்சு. துண்டுதான் அழுக்குன்னு அக்கா ஒரே அடம். எங்களை எல்லாம் அரை நாள் தேய்க்க விட்டாங்க. விரல் தேய்ஞ்சு போச்சு. அப்புறம்தான் சிலிண்டரைத் திரும்பிப் பாத்தாங்க."

"பாத்துட்டு என்ன சொன்னாங்க தெரியுமா சார்?" சிலிண்டர்காரர் ஆர்வத்தில் முன்னால் குனிந்தார். "'துண்டு அதேதான்யா, கூட இருக்கறதுதான் மாறிருச்சு. இரும்பு அம்மா வீட்டுக்கு வந்த மாதிரி கத்துது. செம்பு மாமியார் வீட்டுக்குப் போன மாதிரி வாயைப் பொத்திக்கிச்சு'ன்னாங்க. அதோட விட்டாங்களா, தலைப்பை முக்காடா இழுத்துவிட்டுக்கிட்டு செம்பு மாதிரி நடிச்சே காட்டினாங்க."

மச்சினி தன்னை அறியாமல் சிரித்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

அவர் காலி டம்ளர்களைப் பொறுக்கித் தட்டில் வைத்தார். ஒன்று சாய்ந்து உருண்டது. அவர் அதைப் பிடிக்கப் போகவில்லை.

சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றபோது, அந்தப் பெண் உருண்ட டம்ளரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. அவரு சும்மா..."

"இல்லம்மா." தண்ணீர் டம்ளரை நிறைத்து வழிந்தது. "எங்க வீட்டைப் பத்தி ஏதாவது சொல்லுவாளா?"

அவள் யோசித்தாள். ஆறுதலுக்காக எதையாவது சொல்லிவிடுவாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. சொல்லாமலே போய்விடுவாளோ என்றும்.

"நாங்கதான் கிண்டல் பண்ணுவோம். வீட்டுலயும் இப்படித்தானா, அண்ணன் காதுல பஞ்சு வெச்சுக்குவாரான்னு. ஒரு நாள் சொன்னாங்க. 'இங்க நான் வாயை மூடினா ஆளாளுக்கு என்னாச்சு என்னாச்சுன்னு வந்துருவீங்க. வீட்டுக்குப் போனா பேசாம உக்காந்திருக்கலாம். அந்த மனுஷன் ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. அதுக்குத்தான் அந்த பஸ் கூட்டத்துல தொங்கிக்கிட்டாவது ஓடறேன்'னாங்க."

அவர் குழாயை மூடினார். கேக்க மாட்டாரு. அதைப் பாராட்டாகவும் திருப்பலாம், குறையாகவும் திருப்பலாம் என்று அவருக்குத் தெரிந்தது.

"சிரிச்சுக்கிட்டேதானே சொன்னா?"

"இல்லண்ணே." அவள் டம்ளரை மேடையில் வைத்தாள். "எதைச் சொன்னாலும் சிரிப்பாங்க. டாக்டர் சொன்னதைக் கூடச் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. இதைச் சொன்னப்போ சிரிக்கல."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சிலிண்டர்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் வந்த பெண் வேண்டாமென்று அவர் தோளைத் தொட்டாள். மச்சினியும் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

வெளியே வண்டி வந்து நின்றது. டிரைவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல், நிலையில் கை வைத்தபடி அங்கேயே நின்றார்.