தங்கம் தெரியாத தூரம்

பாண்டித்துரை காலையிலேயே வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். இன்னும் இரண்டு வருஷம். அரபு நாட்டில், அல் கூஸில் பாட்டில் மூடி செய்யும் அந்தக் கம்பெனியின் ஆபீஸில் ஏசி சில்லென்றிருந்தது, பேனா நன்றாக எழுதியது, அவ்வளவுதான். "இந்தத் தடவையும் கையெழுத்துப் போட்டீகன்னா இனிமே எனக்குப் போன் பண்ணாதீக" என்று சிவகங்கையிலிருந்து பானுமதி சொல்லியிருந்தாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பான். மனைவி அதை அரிசி விலை சொல்வதுபோலச் சொன்னாள். மனம் மாறினால் சாயங்காலத்துக்குள் தாளைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள் ஆபீஸில். மாறுவதற்கு உள்ளே மனம் என்று ஒன்று இருக்கிறதா என்றே அவனுக்குத் தெரியவில்லை.

மூடியைக் கவ்வும் இரும்புத் தாடை சரியாக மூடிக்கொண்டதா என்று பார்த்துச் சொல்ல மெஷினில் ஒரு சென்சார் உண்டு. பேனா ரீஃபிள் பருமன்தான். இரும்பு பக்கத்தில் வந்தாலே போதும், தொடாமலே சென்சாரின் பின்பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரியும். பழசு செத்துப்போயிருந்தது. புதிசை மாட்டிய பாண்டித்துரை, தாடைக்குப் பதிலாக நீட்டி இடைவெளி பார்க்க இரும்பு ஸ்பானரைத் தேடச் சோம்பல்பட்டு, தாடை வந்து நிற்கும் இடத்தில் கல்யாண மோதிரத்தை நீட்டினான். எரியவில்லை. எரியும்வரை சென்சாரை முன்னால் தள்ளி நட்டைக் கையாலேயே இறுக்கினான். மெஷின் ஓடத் தொடங்கியதும் தாடை ஆடி வந்து சென்சாரின் மூக்கை நசுக்கிப் போட்டது.

பக்கத்து மெஷின் செய்கு முகம்மது வந்து குனிந்து பார்த்தான்.

"என்னண்ணே, மோதிரத்த வச்சா செட் பண்ணுனிய? தங்கம்னா ரொம்பக் கிட்ட வந்தாத்தானே அதுக்குத் தெரியும்? நீங்கதானண்ணே எனக்கே சொன்னிய."

"ம்."

"ஊர்ல எதுவும் பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லடா."

டீ நேரத்தில் போன் பண்ணினான். பானுமதி எடுத்தாள்.

"போட்டாச்சா?"

"ம்."

அவள் மூச்சு கேட்டது. பின்னால் குக்கர் விசிலடித்தது. போன் கட்டாகிவிட்டது. வலிக்க வேண்டுமே என்று காத்திருந்தான். வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஸ்டோரிலிருந்து வேறு சென்சார் வந்தது. இந்தத் தடவை ஸ்பானரோடு போனான். மெஷினில் கை வைக்குமுன் மோதிரத்தைக் கழற்ற வேண்டும் என்பது சட்டம். கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். விரலில் வெளுத்த தடம் தெரிந்தது. ஆபீஸ் மூட இன்னும் நேரமிருந்தது, தாளைத் திருப்பி வாங்கலாம். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே ஏதாவது இருந்தால் அதற்காவது தெரியட்டும் என்பதுபோல அந்த வெறும் விரலைச் சென்சாரின் முகத்தோடு ஒட்டி வைத்தான். சதைக்கு அது எரியாது என்று அவனுக்குத் தெரியும்.

"யல்லாண்ணே, வெரசா, லைன் நிக்குது" என்றான் செய்கு.

பாண்டித்துரை விரலை எடுக்காமல் அந்தச் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.