நடுவில் இருந்த பெட்டி

சின்ன சவுண்ட் மிக்ஸரை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் ரெக்கார்டிங்காரர் சிரித்தார்.

"என்னம்மா, கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்துட்டீங்க? இங்க இத விடப் பெருசு இருக்கே."

"இது பழகின பெட்டி சார். இது இல்லன்னா எனக்குக் கை ஓடாது" என்றேன். பாதி பொய்.

மீதியைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி கிட்டார் வாசிக்கிறவன். அவன் குழுவுக்குப் பதினொரு வருடமாக நான்தான் சவுண்ட் பார்க்கிறேன். எட்டு மாதமாக அவன் தன் ஆம்ப்பில், கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியில், ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போகிறான். ஐந்தில் இருந்த திருகு ஆறு, ஏழு என்று நகர்ந்து இப்போது ஒன்பதில் நிற்கிறது. கூர்மையான சத்தம் அவன் காதுக்கு எட்டவில்லை. எட்டட்டும் என்று திருகுகிறான். காதில் குறை என்பது அவனுக்கே தெரியாது. டிரம்முக்குப் பக்கத்தில் இருபது வருடம் நின்ற காது, வேறெப்படி இருக்கும்?

டிரம்மர் என்னிடம் வந்து, "அக்கா, பல்லு கூசுது" என்றான். தம்பியிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது? நானும் கட்டவில்லை. மேடையில் ஆம்ப்பைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். அவன் ஏற்றியதை எல்லாம் மிக்ஸரில் இறக்கினேன். கேட்க வந்தவர்களுக்கு அவனுடைய பழைய கிட்டார் போய்ச் சேர்ந்தது. கைதட்டினார்கள். அவனும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தான்.

சொன்னால் வாசிப்பதையே விட்டுவிடுவான் என்று பயந்தேன். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்த அன்றைக்கு ஷூவைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தவன் அவன்.

இது அவனுடைய முதல் ஆல்பம். மேடையில் செய்த வேலையையே இங்கேயும் சத்தமில்லாமல் செய்துவிடலாம் என்றுதான் அவனோடு பெட்டியும் கையுமாக வந்தேன்.

"மாடியில பல் டாக்டர். பகல்ல ஸ்பீக்கர அலற விட முடியாது" என்றார் ரெக்கார்டிங்காரர். "மைக் வேண்டாம். ஆம்ப்புக்குப் பின்னாடி லைன் அவுட் இருக்குல்ல, அதுலேர்ந்து நேரா வயர் எடுத்துக்கலாம்."

ஆம்ப்பிலிருந்து என் மிக்ஸருக்கு ஒரு வயர், அங்கிருந்து அவருடைய மெஷினுக்கு ஒரு வயர் என்று மாட்டினேன். தம்பி கிட்டாரைத் தொடுவதற்கு முன்பே 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் அறையை நிரப்பியது. வயரை மாற்றினோம். எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயிண்டில் போட்டுப் பார்த்தோம். உம்ம்ம். ரெக்கார்டிங்காரர் குனிந்து ஒவ்வொரு வயராகப் பிடுங்கினார். என் மிக்ஸர் வயரைப் பிடுங்கியதும் அறை அமைதியானது.

"உங்க பெட்டிதாம்மா. எடுத்துடலாம்."

"பழசு சார், கொஞ்ச நேரம் சூடானா சரியாகிடும்" என்றேன். இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் சொல்லக் கூசும் பேச்சு அது. அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எடுத்துடேன்க்கா" என்றான் தம்பி. "நேரா போகட்டும். நடுவுல எதுக்கு?"

அவனை வைத்துக்கொண்டு அதற்கு நான் என்ன பதில் சொல்ல? என் கையாலேயே ஆம்ப் வயரை மிக்ஸரிலிருந்து எடுத்து அவருடைய மெஷினில் செருகினேன்.

தம்பி கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் வாசித்தான். நன்றாக வாசித்தான், அதைச் சொல்லியே ஆக வேண்டும். முடித்துவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்தான். ரெக்கார்டிங்காரர் ஓட விட்டார். தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி வந்தது. அவர் முகம் சுருங்கியது, கை தானாகப் போய்ச் சத்தத்தைக் குறைத்தது. என் முகமும் சுருங்கியிருக்கும். தம்பி மட்டும் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தான்.

"சூப்பரா வந்திருக்குல்ல?"

ரெக்கார்டிங்காரர் நல்ல மனிதர். "ஸ்பீக்கர், மைக் ரெண்டும் இல்லாம நேரா எடுத்தா கொஞ்சம் குத்தத்தான் செய்யும்" என்றார்.

"குத்துதா? எங்க சார்?" என்றான் தம்பி.

நேரடி வயர் மேல் பழியைப் போட்டுவிட்டு அப்போதே தப்பித்திருக்கலாம். ரெக்கார்டிங்காரரைத் தனியாகப் பார்த்துப் பேசி, பிறகு சரிசெய்யச் சொல்லியிருக்கலாம். தம்பி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். புரியாமல் விழிக்கும் அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"வயர் மேல தப்பு இல்லடா" என்றேன். "உனக்குக் கூர்மையான சத்தம் கேக்கல. நான் இத்தன நாளா மிக்ஸர்ல குறைச்சுக்கிட்டு இருந்தேன்."

"எத்தன நாளா?"

"எட்டு மாசமா."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மாடியில் டாக்டரின் மெஷின் சுற்றுகிற சத்தம் கேட்டது. அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

"அப்ப எட்டு மாசமா நான் வாசிச்சத யாருமே கேக்கல. நீ திருத்தினதத்தான் கேட்டிருக்காங்க."

"விரல் உன்னோடதுதானேடா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா விட்டுடுவியோன்னு பயம்."

"விடுறதும் வாசிக்கிறதும் என் பாடு இல்லையாக்கா?"

காது டாக்டரிடம் சேர்ந்து போகலாம் என்றேன். நானே போய்க்கொள்கிறேன் என்றான்.

கிட்டாரை உறையில் போட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் ஆம்ப்புக்குப் போய் அதன் முன் குந்தினான். "எங்க வைக்கணுமோ வை" என்றான் என்னைப் பார்க்காமல். ஒன்பதிலிருந்து நான்குக்குத் திருகினேன். நாலைந்து ஸ்வரம் வாசித்தான். அவன் நெற்றி சுருங்கியது.

"கம்பளிய போத்திக்கிட்டு வாசிக்கிற மாதிரி இருக்கு."

"எங்களுக்கு அப்படி இல்லடா. நல்லா இருக்கு, தெளிவா இருக்கு."

அவன் தலை நிமிர்ந்தது. என்னைத் தாண்டி ரெக்கார்டிங்காரரைப் பார்த்தான்.

"நிஜமா சார்?"

அவர் ஆமாம் என்று தலையசைத்தார். அதற்குப் பிறகுதான் தம்பி கண்ணை மூடிக்கொண்டு பாட்டை முதலிலிருந்து வாசித்தான்.