சராசரி தாங்கும்

“சராசரி எவ்வளவு?” கயிற்று ஆலை முதலாளி பல் குத்திக்கொண்டே கேட்டார்.

“ஆயிரத்து நூறு கிலோ, மச்சான். ரெண்டு கட்டுக்கும் அதேதான்.”

“எவ்வளவு தாங்கணும்?”

“ஆயிரம்.”

“அப்புறம் மூஞ்சியை ஏன் தூக்கி வச்சிருக்கே?”

கேட்டவர், பதில் சொன்னவனுடைய மனைவியின் அண்ணன். பதில் சொன்னவன், கயிறுகளை இழுத்து அறுத்துப் பார்க்கும் சோதனைக்காரன். வீட்டில் ‘வாங்க மாப்பிள்ளை’, கொட்டகைக்குள் ‘நீ’.

அவன் அறுந்த துண்டுகளை மேசையில் இரண்டு வரிசையாகப் பரப்பினான். எத்தனை கிலோவில் அறுந்தது என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருந்தது. கறுப்பு முனைக் கட்டு: 1080, 1090, 1100, 1110, 1120. சிவப்பு முனைக் கட்டு: 300, 600, 1100, 1600, 1900.

“நடுவுல நிக்கறதும் ரெண்டுலயும் ஆயிரத்து நூறுதான். ஆனா பரவலைப் பாருங்க. கறுப்புல மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் நாப்பது. சிவப்புல ஆயிரத்து அறுநூறு. பழைய நூலைக் கலக்கச் சொன்னீங்க. அது விழுந்த இடத்துல அறுந்துக்குது.”

“முன்னூறு காலை வாரினா ஆயிரத்துத் தொள்ளாயிரம் தூக்கி விட்டுடுது. கணக்கு சரியாப் போச்சு.”

“முன்னூறுல தொங்கறவனை யாரு தூக்கி விடுவா? என் தம்பி தொங்கப் போறான், மச்சான்.”

தம்பிக்கு உயரமான கட்டடங்களில் கண்ணாடி துடைக்கும் வேலை. சிவப்புக் கட்டை வாங்க இன்று வரப்போவது அவனுடைய கம்பெனி மேனேஜரம்மாதான்.

“அப்போ அவனுக்கு நல்ல துண்டா மாட்டட்டும்னு வேண்டிக்க,” என்றார் முதலாளி. “அந்தம்மா முன்னாடி வாயைத் திறந்தே, நீயும் என் தங்கச்சியும் வேற கூரை தேடிக்கணும்.”

முதலாளியிடம் ஒரு வித்தை இருந்தது. வாங்க வருகிறவர் கண்முன்னே உத்திரத்தில் கயிற்றைக் கட்டி, இடுப்புப் பட்டையை மாட்டி, மேலே இருந்து குதிப்பார். தரைக்கு ஒரு முழம் மேலே உடம்பு வெடுக்கென்று நிற்கும். அந்த உதறல் மட்டும் எழுநூறு கிலோ இருக்கும். விற்பது எந்தக் கயிறானாலும், குதிப்பது கறுப்புக் கட்டில் வெட்டிய துண்டில்தான். வெட்டிக் கொடுப்பது மாப்பிள்ளை.

மேனேஜரம்மா வந்தாள். முதலாளி ஏணியில் ஏறினார். குதித்தார்.

கயிறு தாங்கியது.

“பாத்தீங்களா மேடம்?” தொங்கியபடியே சிரித்தார்.

“நல்லாத் தாங்குது மச்சான்,” என்றான் சோதனைக்காரன். “இது சிவப்பு.”

சிரிப்பு அப்படியே உறைந்தது. அறுந்துவிடும் என்று நினைத்துத்தான் வெட்டிக் கொடுத்திருந்தான். அறுபடவில்லை. இனி மறைக்க என்ன இருக்கிறது? துண்டுகளை அள்ளிவந்து மேனேஜரம்மா முன்னால் வரிசையாக வைத்தான்.

“அஞ்சுல ரெண்டு இந்தக் குதிப்புக்குத் தாங்காது மேடம். இவருக்கு நல்லது மாட்டிக்கிச்சு. உங்ககிட்ட வேலை பாக்கற என் தம்பிக்கு எது மாட்டும்?”

முதலாளி பட்டையை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார். “குடும்பத் தகராறு மேடம், காதுல போட்டுக்காதீங்க. சராசரி ஆயிரத்து நூறு. என் கண்ணாலயே பாத்தேன்.”

அவள் 300 என்ற சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“சராசரி அவ்வளவுன்னா, அதே கட்டுல இன்னொரு துண்டு வெட்டுங்க. இன்னொரு தடவை குதிங்க. எனக்கு அவசரமில்ல.”

“மேடம், அதான் ஒரு தடவை…”

“என் ஆளுங்க தினம் தொங்கறாங்க. நீங்க ரெண்டே தடவைதானே. பிடிக்கலன்னா சொல்லுங்க, கிளம்பறேன்.”

மாப்பிள்ளை கத்தரியை எடுத்தான். அது கறுப்பு முனைப் பக்கம் ஒரு கணம் தயங்கியது. ‘நல்ல துண்டா மாட்டட்டும்னு வேண்டிக்க.’ கத்தரி சிவப்புக்கே திரும்பியது.

“மச்சான், பழைய நூல்னு ஒத்துக்குங்க. விஷயம் இதோட முடிஞ்சுடும்,” என்றான் தாழ்ந்த குரலில்.

“ஒத்துக்கிட்டா இனி என்கிட்ட எவன்டா கயிறு வாங்குவான்?”

முதலாளி பட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி ஏணியில் ஏறினார். உத்திரத்தில் நின்றவர் கீழே பார்த்தார், மேனேஜரம்மாவைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு குதித்தார்.

பட்டென்று ஒரு சத்தம். அடுத்த சத்தம் சிமெண்ட் தரையில்.

வலது கால் மடங்கக் கூடாத பக்கமாக மடங்கிக் கிடந்தது. மேனேஜரம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

“ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. அப்படியே உங்க தம்பிகிட்டயும் சொல்லிடுங்க, இந்தக் கயிறு வராது.”

அவள் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டியது. மாப்பிள்ளை போன் செய்துவிட்டு, முதலாளியின் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்தான்.

“மாப்பிள்ளை… காலு…” முதல் தடவையாக, கொட்டகைக்குள் அந்த வார்த்தை.

“ஒண்ணு போயிடுச்சு, ஒண்ணு முழுசா இருக்கு,” அறுந்த முனையில் பிதுங்கி நின்ற பழைய நூலை விரலால் உருவியபடி சொன்னான். “சராசரி பாத்தா நீங்க நல்லாத்தான் நடப்பீங்க, மச்சான்.”