நூற்றுக்கு மூன்று

ப்ளோவ்திவ் நகரத்தில் வீட்டுத் தரகு பார்த்துவந்த நெவேனாவுக்குச் சம்பளம் கிடையாது. விற்றால் கமிஷன், விற்காவிட்டால் வெறுங்கை. கமிஷனிலும் பாதி முதலாளிக்குப் போய்விடும்.

மெத்தோதி என்ற பெரியவரின் வீட்டை விற்க அவள் ஆறு மாதம் சுமந்தாள். நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. பார்க்க வந்த முப்பத்தொரு பேரோடும் முழங்கால் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு ஏறி இறங்கினாள். ஈரம் பூத்த சமையலறைச் சுவருக்குத் தன் செலவில் சுண்ணாம்பு அடித்தாள். வீட்டில் பாதிப் பங்கு ஸ்பெயினில் இருக்கும் மெத்தோதியின் அண்ணன் மகளுக்கு. சித்தப்பனோடு பேச்சுவார்த்தை அறுந்து பதினோரு வருடம். நெவேனா வாராவாரம் போன் செய்து, அவள் அழுதபோதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்து, கடைசியில் வீட்டை விற்கச் சம்மதித்துக் கையெழுத்திட்ட அதிகாரப் பத்திரத்தை வரவழைத்தாள்.

முப்பத்தொன்றாவது ஆள் யாவோர் என்ற பல் டாக்டர். மூன்று முறை வந்து பார்த்தான். "யோசிச்சுச் சொல்றேன்" என்றான். பிறகு சத்தமே இல்லை.

மெத்தோதியோடு போட்ட தரகு ஒப்பந்தம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, தன்னிடமிருந்த சாவியைக் கொடுக்கப் போனாள். பூட்டு மாறியிருந்தது; கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாவோர் அலமாரிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் காது வரை சிவந்துபோய், "நீங்க பெரியவர்கிட்டயே பேசிக்குங்க" என்று கதவைச் சாத்தினான்.

தங்கை வீட்டுக்குக் குடிபோயிருந்த மெத்தோதி, அவளை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்.

"ஒப்பந்தம் முடியட்டும்னு காத்திருந்தீங்களா?"

"காத்திருந்தா தப்பாம்மா? நீ என்ன செஞ்சே? கதவைத் திறந்து காட்டினே. அதை நானும்தான் செய்வேன்."

"உங்க அண்ணன் மக உங்க குரலைக் கேட்டாலே போனை வெச்சிருவா. அவகிட்ட கையெழுத்து வாங்கினது யாரு?"

"அவ என் ரத்தம். இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குக் குடுத்திருப்பா. உன் கமிஷன் ரெண்டாயிரத்து எழுநூறு யூரோம்மா! என்னோட அஞ்சு மாசப் பென்ஷன். உனக்கு அதைத் தூக்கிக் குடுக்க எனக்கென்ன பைத்தியமா?" உள்ளே போய், வீட்டில் காய்ச்சிய ராக்கியா என்ற பழச்சாராயம் ஒரு பாட்டில் கொண்டுவந்து வைத்தார். "கோவிச்சுக்காதே. இதை எடுத்துட்டுப் போ."

பாட்டிலைத் தொடாமல் எழுந்து வந்தாள். "கோர்ட்டுக்குப் போனா மூணு வருஷம் இழுக்கும். விடு, போகட்டும்" என்றார் முதலாளி. அவருக்கு இன்னும் ஐந்து தரகர்கள் இருந்தார்கள்.

அடுத்த வாரம், ஊர்க்கோடியில் ஓர் அறை வீடு விற்பனைக்கு வந்தது. காலை ஒன்பதுக்கு உரிமையாளர் போன் செய்தார். ஒன்பதரைக்கு மாலினா என்ற பெண்ணைக் கூட்டிப்போனாள். பதினான்கு வருடம் இத்தாலியில் முதியவர்களைப் பராமரித்துவிட்டுத் திரும்பியவள். ஜன்னலைத் திறந்து பார்த்தாள், குழாயைத் திருகிப் பார்த்தாள், "எனக்கு இது போதும்" என்றாள். பத்து மணி தாண்டவில்லை.

பத்திரம் பதிவான அன்று மாலினா உறையை நீட்டினாள். ஆனால் பிடியை விடவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. இந்த ஆயிரத்து ஐநூறு யூரோ எதுக்கு?"

படியேறிய முழங்காலையும், ஸ்பெயினுக்குப் பேசிய மணிக்கணக்கையும் சொல்ல நெவேனாவுக்கு நாக்கு துடித்தது. ஆனால் அதில் எதுவும் இவளுக்காகச் செய்ததல்ல.

"நூத்துக்கு மூணு. எல்லாருக்கும் அதே கணக்குதான்."

"அங்க ஒரு கெழவரை ஒண்ணரை மாசம் குளிப்பாட்டி, தூக்கிப் படுக்க வெச்சாத்தான் எனக்கு இவ்வளவு வரும்" என்றாள் மாலினா. குரலில் சண்டை இல்லை. உறையை விட்டாள்.

யாராவது குறைக்கச் சொல்லிக் கேட்டால் நூற்றுக்கு இரண்டு வரை இறங்கலாம் என்று முதலாளி சொல்லி வைத்திருந்தார். மாலினாவுக்கு அது தெரியாது. நெவேனா சொல்லவில்லை. நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி, ரசீதில் முழுத் தொகையையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.