ஈரம் காயாத மண்டபம்

தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அதற்கு முந்திய திங்கட்கிழமை காலையில் மண்டபத்துச் சுவரைத் தொட்டால் உள்ளங்கை நனைகிறது! ருக்குமணி கையை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தாள். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன கல்யாணம் அது. முதல் முறை மாப்பிள்ளையின் அப்பா கண்ணை மூடினார். மறு வருடம் மழையில் பாதை சரிந்து, மாப்பிள்ளை வீட்டு லாரி வழியில் திரிங்காப் ஊரிலேயே நின்றுவிட்டது. மூன்றாவது முறையும் தள்ளிப்போனால் தேயிலைத் தோட்டத்து வாய்கள் சும்மா இருக்குமா? இருபத்தொன்பது வயதுப் பெண்ணை மென்று துப்பிவிட மாட்டார்களா?

மாப்பிள்ளை காளியண்ணன் கொத்தனார். மண்டபத்தைக் கட்டியதே அவன்தான். தோட்டத்துத் துரை சிமெண்டும் கூரைத் தகரமும் கொடுத்தார். தோட்டத்து ஜனங்கள் லீவு நாளெல்லாம் கல் சுமந்தார்கள். காளியண்ணன் எட்டுச் சன்னல் வைத்துக் கட்டிடத்தை எழுப்பினான். "இதுல மொத கல்யாணம் நம்மளதுதான் லா" என்று, அந்த ஊர்ப் பேச்சில் ஒட்டும் 'லா'வோடு, எழுபத்தொன்பதாம் வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். பூச்சு வேலைதான் மழையில் இழுத்துக்கொண்டே போய், போன சனிக்கிழமை முடிந்தது. மலையில் அந்த மாதத்து வெயில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். மற்ற நேரமெல்லாம் பனிமூட்டம்தான்.

வழி கண்டுபிடித்தவர் வீரப்பன். அவர் ருக்குமணியின் தாய்மாமன். தேயிலை ஆலையில் இலையைக் காய வைக்கும் பகுதிக்கு இருபது வருடமாக அவர்தான் மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. ஆள் ஒல்லி, ஆனால் குரல் மட்டும் நாலு பேருக்குப் போதும்.

"எலைய காய வெச்சவனுக்கு சொவத்த காய வெக்கத் தெரியாதா? எட்டு சன்னலையும் மூடு. இடுக்குல சாக்கு வெச்சு அடை. நாலு டின்னுல கரிய போட்டுக் கொளுத்து. வெள்ளிக்கெழம பாரு, சொவரு அப்பளமா காஞ்சிரும்!"

பழைய எண்ணெய் டின்களில் ஓட்டை போட்டு அடுப்புக்கரி நிரப்பினார்கள். புகை இல்லை, நெடி இல்லை. வெளியே பல் கிட்டுகிற குளிர், உள்ளே கதகதவென்று சுகம். காளியண்ணனும் இன்னும் நாலு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு தரை தேய்த்தார்கள். ருக்குமணியும் எட்டிப் பார்த்துவிட்டு, மாமன் கெட்டிக்காரர்தான் என்று மெச்சிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் ஐந்து பேருக்கும் தலைவலி. அவர்களில் கருப்பையா வேலியோரம் போய் வாந்தி எடுத்தான். காளியண்ணனுக்கு மண்டைக்குள் உரல் இடிப்பது போல இருந்ததாம்.

"கண்ணுதான்! வேறென்ன? பக்கத்து கியா பார்ம்லேருந்து ஆளுங்க வந்து வந்து மண்டபத்தைப் பாத்துட்டுப் போறாங்களே, எத்தன கண்ணு பட்டுச்சோ!" என்றாள் ருக்குமணியின் அம்மா இராசம்மா.

செவ்வாய்க்கிழமை இராசம்மா காய்ந்த மிளகாயும் உப்புமாக வந்தாள். ஐந்து பேரையும் மண்டபத்துக்குள் வரிசையாக உட்கார வைத்தாள். மூன்று சுற்றுச் சுற்றி, துப்பச் சொல்லி, அத்தனை மிளகாயையும் எரிகிற கரியில் போட்டாள். சன்னலெல்லாம் அடைத்த கட்டிடம்! அடேயப்பா, அந்தக் கமறலை என்னவென்று சொல்ல! ஐந்து பேரும் இருமிக்கொண்டே ஓடினார்கள். வேடிக்கை பார்க்க வந்த வீரப்பன் வேட்டி தடுக்கி விழுந்தார். இராசம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு சுவரில் முட்டினாள். நெடி போகட்டும் என்று எட்டுச் சன்னலையும் கதவையும் பப்பரப்பே என்று திறந்து போட்டார்கள்.

அரை மணி நேரத்தில் தலைவலி பறந்துவிட்டது. இராசம்மாவின் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

ருக்குமணிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "ஏம்மா, கண்ணு பட்டிருந்தா மொளகா நெடியே அடிக்காதுன்னு நீதானே சொல்லுவ?"

"ஆமா, அதுக்கென்ன?"

"இங்க லயத்து வீடு அத்தனையும் இருமுதே! அப்ப கண்ணு ஒண்ணும் படலதானே? சன்னலத் தொறந்ததுலதான் தலவலி போயிருக்கு."

இராசம்மா மிச்ச உப்பை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு, "கல்யாணப் பொண்ணு வாய அடக்கு. நாளைக்கு நலங்கு வெக்கணும், போய் மஞ்சள் அரை" என்று விரட்டினாள்.

ருக்குமணி வீரப்பனிடம் போய்ச் சொன்னாள். "சன்னலத் தொறந்தா சூடு போயிரும் புள்ள. ஞாயித்துக்கெழம கல்யாணம் வேணுமா வேணாமா?" என்றார். அந்தக் கேள்வியில் ருக்குமணி அடங்கிப்போனாள். கல்யாணம் வேண்டுமே! சன்னல்கள் மறுபடி மூடிக்கொண்டன. தன் ஆசைதான் தன் வாயைக் கட்டிப்போட்டது என்பது அவளுக்கே தெரிந்தது, உறுத்திக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை நலங்கு வைத்தார்கள். நலங்கு வைத்த பெண் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது, மாப்பிள்ளை முகத்தில் முழிக்கக் கூடாது. முகமெல்லாம் மஞ்சளோடு அவள் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் மேட்டில் மண்டபம் தெரியும். வியாழக்கிழமை மத்தியானம் மழை தூறிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மணி அடித்தது. மண்டபத்துக் கதவு திறந்தது. கருப்பையா வந்தான். பின்னால் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். கதவு மூடிக்கொண்டது.

உள்ளே போனது ஐந்து பேர். வெளியே வந்தது நாலு பேர்.

இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். கதவு அசையவில்லை. அவ்வளவுதான், எழுந்து ஓடினாள். "அடியே, எங்கடி போற? நலங்கு வெச்ச பொண்ணுடீ!" என்று இராசம்மா பின்னால் கத்தியது காதில் விழுந்தது, நிற்கத்தான் இல்லை. மழையில் மஞ்சள் கரைந்து கழுத்தெல்லாம் வழிந்தது. சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது.

காளியண்ணன் கரி டின்னுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துச் சுகமாகப் படுத்திருந்தான். உலுக்கினாள். கண் பாதி திறந்தது, கால் எழவில்லை.

"ஐயோ, எந்திரிங்க! இந்தாங்க, எந்திரிங்க!"

அவன் என்னவோ முனகினான். ருக்குமணி ஆலை மாடியில் பச்சை இலைச் சாக்கு இழுத்துப் பழகியவள். அவனுடைய இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, தரதரவென்று வாசலுக்கு இழுத்தாள். கூச்சல் கேட்டு ஓடிவந்தவர்கள் அவனைத் தூக்கித் தூறலிலேயே கிடத்தினார்கள். அவன் புரண்டு வாந்தி எடுத்தான். பிறகு மஞ்சள் வழியும் அவள் முகத்தைப் பார்த்தான்.

"கல்யாணம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டான்.

அழுதுகொண்டிருந்த ருக்குமணி சிரித்துவிட்டாள். அழுகையும் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. தோட்டத்து லாரியில் அவனை டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினார்கள்.

ஆலையில் இயந்திரம் பழுது பார்க்கும் கிரகரி வந்து டின்களைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். "கரி பொகையாது, சரிதான். ஆனா மூடுன எடத்துல எரிஞ்சா, கண்ணுக்கும் தெரியாம மூக்குக்கும் தெரியாம ஒரு வெசக்காத்து வரும். கதகதப்பா இருக்குன்னு மனுசன் படுப்பான். அப்புறம் எந்திரிக்க மாட்டான்."

வீரப்பனின் நாலு ஆள் குரல் எங்கோ போய்விட்டது. ருக்குமணி அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, ஆலையில அடுப்புப் பொகைய எலையில பட விடுவீங்களா?"

"பட்டா தொரை என் தோல உரிச்சிருவாரு. நெருப்பு வெளிய ஒரு அறையில எரியும். பொகை தனிக் குழாயில மேல போயிரும். காத்து வேற குழாயில வந்து சூடாகி..." அவர் பேச்சு பாதியில் நின்றது.

"தேயிலைக்கு அத்தன மரியாத. அவரு நெஞ்சுக்கு?"

வீரப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "இருவது வருசம் அந்த அடுப்புக்குப் பக்கத்துல நின்னேன் புள்ள. அது ஏன் வெளிய இருக்குன்னு ஒரு நாளும் யோசிக்கல. நாசமாப் போற புத்தி."

"இப்ப யோசிங்க. இன்னும் ரெண்டு நாளு இருக்கு. கல்யாணம் தள்ளிப் போனா போவட்டும், மூடுன எடத்துல மட்டும் இனி ஒருத்தரும் நிக்கக் கூடாது" என்றாள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை தன் வாயிலிருந்தா வந்தது என்று திகைத்தாள். தள்ளிப் போனா போவட்டும்!

வீரப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அன்றைக்கே ஆலைக் கிடங்கில் கிடந்த பழைய மின்விசிறியைத் துரையிடம் கேட்டு வாங்கினார். கிரகரி இரண்டு பீப்பாயை வெட்டி, மண்டபத்துக்கு வெளியே அடுப்பு வைத்தார். புகைக்குத் தனிக் குழாய் கூரைக்கு மேலே போனது. நெருப்பின் நடுவில் இன்னொரு குழாய் ஓடியது. அதன் ஒரு முனையில் விசிறி சுத்தமான காற்றை ஊத, மறு முனையில் அது சூடாகி மண்டபத்துக்குள் பாய்ந்தது. எட்டுச் சன்னலும் திறந்தே கிடந்தன. ஈரம் ஆவியாகி வெளியேறுவது கண்ணுக்கே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காளியண்ணன் திரும்பி வந்தான். ஆஸ்பத்திரியில் மூக்கில் முகமூடி வைத்துக் காற்று கொடுத்தார்களாம். வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் என்ன? வாசலில் நாற்காலி போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, எல்லாரையும் அதிகாரம் செய்தான். "அங்கிள், குழாய அந்தப் பக்கம் திருப்புங்க லா!" என்று கிரகரியைக் கூட விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது சுவர் காய்ந்திருந்தது. மணமேடைக்குப் பின்னால் மட்டும் பாய் அகலத்துக்கு ஒரு ஈரம் மிச்சம். அங்கே நாலு வாழை மரத்தை நிறுத்தி மறைத்துவிட்டார்கள். பக்கத்து ஊர் பிரிஞ்சாங்கிலிருந்து பூ வந்தது. மேளம் கொட்டியது. நலங்கு வைத்த பெண் மழையில் ஓடிய கதையைத் தோட்டத்து வாய்கள் மெல்லாமலா இருந்தன? மென்றன. ஆனால் ஒருவரும் துப்பவில்லை, சிரித்துச் சிரித்து விழுங்கினார்கள்.

முகூர்த்த நேரம். ஐயர் ஓமம் வளர்த்தார். அப்போது பார்த்து மலைக்காற்று சன்னல் வழியாகச் சில்லென்று புகுந்தது. குத்துவிளக்குத் திரி படபடத்தது.

"வெளக்கு அணையப் போவுது! சன்னல மூடுங்கப்பா!" என்று மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் எழுந்தார்.

குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த ருக்குமணி சடக்கென்று நிமிர்ந்தாள். "மூடாதீங்க!"

மேளமே ஒரு கணம் தடுமாறியது. மணப்பெண் சபையில் சத்தம் போடுவதா? இராசம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் நாலு ஆள் குரல் ஒன்று மண்டபத்தையே அதிர வைத்தது.

"பொண்ணு சொல்றது காதுல விழலயா? ஒரு சன்னலும் மூடக் கூடாது! வெளக்க நான் பாத்துக்கறேன்!"

வீரப்பன் பட்டுத் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு விளக்குக்குப் பக்கத்தில் நின்றார். தாய்மாமனுக்கு மேடையில் ஆயிரம் மரியாதை உண்டு. அவர் அன்றைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டது விளக்குக்குக் காவல் நிற்கும் அந்த ஒன்றைத்தான். சுடர் நிமிர்ந்து நின்றது.

எட்டுச் சன்னல் வழியாகவும் பனிமூட்டம் உள்ளே வந்து, ஓமப் புகையைக் கூட்டிக்கொண்டு வெளியே போனது. காளியண்ணன் தாலியைக் கையில் எடுத்தான். அவள் கழுத்துக்கு அருகே குனிந்து, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தான். அத்தனை மேளச் சத்தத்திலும் ருக்குமணிக்கு அந்த மூச்சுதான் கேட்டது.