தாயூருக்குக் கொடுத்த ஆட்டக்காரன்

ஒஸ்லோவில் ஊர்க்கழகம் ஒன்றுக்கு முகாமையாளராக இருக்கிறவனுக்கு வேறு எதிரிகள் தேவையில்லை. விடியப்புறம் பேக்கரியில் பாண் அடுக்கிவிட்டு வந்து, பின்னேரம் இருபது பேரின் சப்பாத்து, சண்டை, சாட்டு எல்லாவற்றையும் நான்தான் சுமக்க வேண்டும். வென்றால் விளையாடினவர்கள் வென்றார்கள். தோற்றால் சந்திரகுமார் தோற்றான். எட்டு வருடமாக நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

எங்கள் கழகத்தின் பெயர் ஆலடித்துறை ஐக்கியம். ஊரில் இருந்த பெயரையே இங்கேயும் வைத்திருக்கிறோம். இங்கே குடியேறின நாங்கள் இப்படி ஊருக்கு ஒரு கழகம் வைத்து, ஆவணி பிறக்க முன்னர் எக்கபேர்க் மைதானத்தில் உதைபந்தாட்டப் போட்டி நடத்துவோம். அதில் ஒரு விதி. ஒருவன் தகப்பனின் ஊருக்கு விளையாடலாம், அல்லது தாயின் ஊருக்கு விளையாடலாம். மூன்றாவது ஊர் கிடையாது. மாறுவதென்றால் ஜூன் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு முன்னர் மாற வேண்டும். மாறினவன் இரண்டு வருடத்துக்குத் திரும்பி வர இயலாது. இங்கே பிறந்த பிள்ளைகள் அந்த இரண்டு ஊரையும் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் ஊரைப் பற்றி யாராவது குறைவாகச் சொன்னால் சட்டையைப் பிடிக்க வருவார்கள்.

என் மகன் நிதுசன் என் ஊருக்கு விளையாடினான். பத்தொன்பது வயது. பின்வரிசையில் நிற்பவன். பெரிய ஓட்டக்காரன் இல்லை, ஆனால் பந்து வர முன்னரே வரும் இடத்தில் போய் நிற்பான். வீட்டில் அவனும் நானும் கதைப்பது குறைவு. நான் நித்திரை கொள்ளும்போது அவன் முழித்திருப்பான், அவன் எழும்பும்போது நான் வேலையில் நிற்பேன். நாங்கள் குடியிருக்கும் ஸ்டோவ்னரிலிருந்து பயிற்சிக்குப் போகும் வழியில், காருக்குள் மட்டும்தான் எங்களுக்கு வாய் திறக்கும். பள்ளிக்கூடம், சிநேகிதம், அவன் மனதில் கிடக்கிறது எல்லாம் அந்தக் காருக்குள்தான் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. உண்மையைச் சொன்னால், எட்டு வருடமாக இந்தப் பைத்தியக்கார வேலையை நான் விடாமல் இருந்ததே அந்தப் பயணத்துக்காகத்தான்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, அந்தக் கடைசி வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள், என் மனைவி யோகராணியின் தம்பி இரவீந்திரன் ஒஸ்லோவின் மறுகோடியில் ஹவுகெட்டோவிலிருந்து தொலைபேசி எடுத்தான். அவன் புளியங்கேணிக் கழகத்தின் முகாமையாளர். என் மனைவியின் ஊர் அது. அவர்களிடம் ரிஷிகேசன் என்று ஒரு முன்வரிசை ஆட்டக்காரன் இருந்தான். துரொண்ட்ஹெய்மில் வளர்ந்து, வேலை கிடைத்து ஒஸ்லோவுக்கு வந்தவன். காலில் பந்து பட்டால் கோல். அவனுடைய தாய் எங்கள் ஆலடித்துறை. நிதுசனின் தாய் புளியங்கேணி. இரண்டு பேரையும் மாற்றிக்கொள்வோமா என்று மச்சான் கேட்டான். அவர்களுக்கு முன்னுக்கு ஆள் மிச்சம், பின்னுக்கு ஓட்டை. எங்களுக்கு அது அப்படியே மறுவளம்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு எங்கள் தலைவர் தர்மலிங்கம் அண்ணையின் வீட்டில் கூடினோம். அவர், நான், பயிற்சியாளர் யோசேப்பு. மேசையில் ரோல்ஸ், தேத்தண்ணி. நான் விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி வேலைக்குப் போய் வந்தவன், கண் எரிந்தது. தர்மலிங்கம் அண்ணைக்கு ஒருமுறை கிண்ணத்தைத் தூக்கிவிட்டுத் தலைவர் பதவியை விட வேண்டும் என்று ஆசை. ரிஷிகேசன் வந்தால் கிண்ணம் வந்தமாதிரி என்றார். யோசேப்பு ஒத்துக்கொள்ளவில்லை. ரிஷிகேசன் பயிற்சிக்குப் பிந்தி வருகிறவன், நடுவரோடு கொளுவுகிறவன், போன வருடம் இரண்டு முறை வெளியே அனுப்பப்பட்டவன், முழங்காலும் சரியில்லை என்று அடுக்கிக்கொண்டே போனான்.

"கோல் போட அவன் வருவான், சரி. பின்னுக்கு ஆர் நிக்கிறது? நீங்களோ அண்ணை?" என்று தர்மலிங்கம் அண்ணையின் வயிற்றைப் பார்த்துக் கேட்டான்.

அவர் கோபிக்கவில்லை. ரோல்ஸைக் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சந்திரன், உன்ர பிள்ளை. நீயே சொல்லு."

அங்கேதான் பிடி இருந்தது. வேண்டாம் என்றால், தன் பிள்ளைக்காகக் கிண்ணத்தை விட்டவன் என்று ஸ்டோவ்னர் கடைத்தொகுதி முழுக்கக் கதை போகும். போன வருடமே ஒரு பிறந்தநாள் விழாவில், என் முதுகுக்குப் பின்னால் நின்று ஒருவர் சொன்னதை நான் கேட்டிருந்தேன். தகப்பன் முகாமையாளர், பிறகென்ன, மகன் விளையாடாமல் வேறு யார் விளையாடுவான் என்றார். ஒரு பயிற்சியைத் தவறவிடாத பிள்ளையைப் பற்றி அப்படிச் சொன்னார்கள். அந்த வாய்களை அடைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. யோசேப்பு தலையாட்டி வேண்டாம் என்று காட்டினான். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மாற்றுவோம் என்று சொன்னேன். ஆறு மணிக்கு முன்னரே போட்டிக் குழுவுக்கு அறிவித்தாயிற்று. தர்மலிங்கம் அண்ணை என் முதுகில் தட்டினார். நேர்மையான மனுசன் என்றார். மகனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அன்று பயிற்சி இருந்தது. காரில் ஏறினதும் நிதுசன், "அப்பா, ஒரு விசயம் கதைக்கவேணும்" என்றான். பொறு, முதலில் நான் சொல்கிறேன் என்று சொல்லி விசயத்தைச் சொன்னேன். கழகத்துக்கு நல்லது, அம்மாவின் ஊர்தானே, மாமாதானே என்றெல்லாம் சொன்னேன். அவன் யன்னல் பக்கம் திரும்பினான்.

"க்ரைட்" என்றான். நோர்வேக்காரர் சரி என்று சொல்லும் சொல். இந்தப் பிள்ளைகள் கதையை முடிக்க நினைத்தால் அதைத்தான் சொல்வார்கள். நீ என்னவோ சொல்ல வந்தாயே என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றான். அடுத்த நிலத்தடி ரயில் நிலையத்தில் இறக்கிவிடச் சொன்னான். இனி ஆலடித்துறையின் பயிற்சிக்கு அவன் எதற்கு வர வேண்டும், அதுவும் சரிதானே.

யோகராணி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, "என்னப்பா, அந்த துரொண்ட்ஹெய்ம் பெடியனுக்கும் நான்தானோ இனிச் சமைச்சுக் குடுக்கிறது? ஆள் மாறினால் சாப்பாடும் மாறவேணுமெல்லோ" என்றாள். சிரிப்பதற்காக அவள் அதைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நிதுசனை மாமன்தான் காரில் ஏற்றி இறக்கினான். வாசலில் ஹோர்ன் கேட்கும், அவன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவான். யன்னலால் பார்த்தால் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டு போவது தெரியும். என் காரில் ரிஷிகேசன் ஏறினான். ஏறினதிலிருந்து இறங்கும் வரை கைத்தொலைபேசியில் யாரோ ஒரு பெட்டையோடு கதைத்தான். நான் றேடியோவைக் கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.

ஆனால் விளையாட்டில் அவனைக் குறை சொல்ல முடியாது. யோசேப்பு பயந்த ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு பயிற்சியிலும் கோல் போட்டான். அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒற்றை ஆள் மறித்து நின்றால் வெளிப்பக்கம் ஓடப்போகிற மாதிரி உடம்பைச் சரித்துவிட்டு, கடைசியில் உள்ளுக்கு வெட்டுவான். ஒவ்வொரு முறையும் அதே வெட்டு, ஒவ்வொரு முறையும் எங்கள் பெடியள் ஏமாந்தார்கள். கரையில் நின்று பார்த்துப் பார்த்து எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது.

போட்டியன்று அவன் போட்ட கோல்களால் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். எதிரே புளியங்கேணி. என் மகன் அவர்களின் நீலச் சட்டையோடு பின்வரிசையில் நின்றான். யோகராணி புளியங்கேணி ஆட்களின் பக்கம் போய், தன் சொந்தக்காரரோடு கதிரை போட்டு இருந்துவிட்டாள். தர்மலிங்கம் அண்ணை கிண்ணத்தோடு நின்று படம் எடுக்கப் புதுச் சேட்டுப் போட்டு வந்திருந்தார். எனக்கு எங்காவது படுத்தால் போதும் போலிருந்தது.

இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். ஆட்டம் முடியும் தறுவாயில் ரிஷிகேசனுக்குப் பந்து கிடைத்தது. முன்னால் நிதுசன் ஒருவன்தான். அவனைத் தாண்டினால் கோல், கிண்ணம், எட்டு வருடம் எல்லாம் தீர்ந்தது. ரிஷிகேசன் வெளிப்பக்கம் சரிந்தான். நிதுசனின் காலும் வெளிப்பக்கம் போகத் தொடங்கியது.

"நிது, உள்ளுக்கு வெட்டுவான், உள்ளுக்கு!"

கத்தியது நான்தான். எட்டு வருடமாகக் கரையில் நின்று அந்தப் பிள்ளைக்குக் கத்தின வாய், யாருடைய கழகம் என்று நின்று யோசிக்கவில்லை. அவனும் யோசிக்கவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. சட்டென்று உள்ளே கால் வைத்துப் பந்தை எடுத்தான். எடுத்து நீளமாக அடித்தான். எங்கள் ஆட்கள் எல்லோரும் முன்னுக்கு ஏறி நின்றார்கள். பின்னுக்கு ஒருவருமில்லை. புளியங்கேணி கோல் போட்டது. நடுவர் விசில் ஊதினார்.

ரிஷிகேசன் நேரே என்னிடம் வந்து, "அங்கிள், நீங்கள் எந்த ரீம்?" என்று கேட்டான். கேட்டதில் பிழையில்லை. தர்மலிங்கம் அண்ணை புதுச் சேட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனார். யோசேப்பு மட்டும் சிரித்தான். இனிமேல் முகாமையாளர் வேலைக்கு என்னை ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று அப்போதே விளங்கியது. அதில் ஒரு நிம்மதியும் இருந்தது, சொல்வதற்கென்ன.

நான் காருக்குள் போய் இருந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. முன்கதவைத் திறந்து நிதுசன் ஏறினான். கழுத்தில் பதக்கம், காலெல்லாம் புல். மாமாவோடு அம்மா வருகிறா, நான் உங்களோடு வருகிறேன் என்றான்.

மைதானம் பின்னால் போனது. பிறகு நான்தான் கேட்டேன்.

"அண்டைக்கு என்னடா சொல்ல வந்தனி?"

அவன் பதக்கத்தைக் கழற்றிக் கையில் சுற்றினான்.

"துரொண்ட்ஹெய்முக்குப் படிக்க விண்ணப்பிச்சனான் அப்பா. கிடைச்சா ஓகஸ்ட்டிலை போகவேணும். இதுதான் கடைசிக் கோடை, உங்களோடை நல்லா விளையாடவேணும் எண்டு சொல்ல வந்தனான்."

காரை ஓரத்தில் நிறுத்தினேன். கிடைத்ததா என்று கேட்டேன். ஓம் என்றான். போன மாதமே தெரியுமாம். அம்மாவுக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். அப்பாவுக்கு நீயே சொல்லு என்று அம்மா சொன்னாவாம். சொல்ல இடம் கிடைக்கவில்லை என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

"சனத்தின்ரை வாய்க்குப் பயந்துதான்ரா உன்னைக் குடுத்தனான்" என்றேன். "வேறை ஒண்டுமில்லை."

"தெரியும்" என்றான்.

எப்போது போகிறாய் என்று கேட்டேன். வருகிற புதன், ரயிலுக்குச் சீட்டு எடுத்திருக்கிறேன் என்றான். ரயில் வேண்டாம், நான் லீவு எடுக்கிறேன், காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். எட்டு வருடத்தில் நான் பேக்கரியில் கேட்கப்போகிற முதல் லீவு. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் கண் சிவந்து கிடந்திருக்க வேண்டும்.

"ஏழு மணித்தியாலம் ஓடவேணும் அப்பா."

"ஓடட்டும்" என்றேன்.