சித்தப்பா பிடித்த விரால்

கிழக்கு வெளுப்பதற்கு முன்பே பழனிச்சாமி சித்தப்பா எங்கள் வாசலில் வந்து நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"டேய் நாகராசு, கெளம்புடா. கம்மாயில இன்னிக்கு மீன்பிடி."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பக்கவாதம் வந்து இடது கால் மரத்துப்போனதிலிருந்து வாசல்படி தாண்டாமல் கிடக்கிறேன். ஆலங்குடிக்கும் புதுக்கோட்டைக்குமாகக் காலமெல்லாம் பஸ் ஓட்டியவன். கிளட்ச் மிதித்த கால் இப்போது விறகுக்கட்டையாகக் கூடவே இழுபடுகிறது. ஊசி குத்தினாலும் தெரியாது. ஊரே கூடுகிற இடத்துக்கு இதை இழுத்துக்கொண்டு போய் 'ஐயோ பாவம்' வாங்கவா?

"நான் வல்ல சித்தப்பா. நீங்க போங்க."

"தொணையில்லாம தண்ணியில எறங்கக்கூடாதுன்னு மருமக கண்டிசனாச் சொல்லிப்புட்டாடா. நீ வல்லைனா எனக்கும் இல்ல. எம்பத்தஞ்சாச்சு. அடுத்த கோடைக்குக் கம்மா இருக்கும், நான் இருப்பனா?"

"வேற ஆளா கெடைக்கல?"

"மத்தவனெல்லாம் மீனப் பாப்பான். நீதான் என்னையப் பாப்ப."

என் மனைவி அன்புச்செல்வி ஊன்றுகோலைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள்.

சித்தப்பாவுக்கு மீன் பிடிக்க வராது. இதைச் சொல்லிச் சிரிக்காத வீடு ஊரில் இல்லை. மற்றவர்கள் கூடையும் வலையுமாக இறங்க, இவர் வெறுங்கையால் சேற்றைத் தடவிக்கொண்டிருப்பார். ஒரு கெண்டைக்குஞ்சுகூட அகப்பட்டதில்லை. ஆனாலும் ஆளாளுக்குக் கூப்பிட்டு மீன் போடுவதில், வீட்டுக்குத் திரும்பும்போது அவர் பைதான் கனமாக இருக்கும். கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொள்வார். எந்த வீட்டு இழவுக்கும் பாடை கட்ட முதல் ஆள் அவர். எந்த வீட்டுக் கல்யாணத்திலும் பந்தி பரிமாற முதல் ஆளும் அவரே. சித்தி போனாள், மூத்த மகன் போனான். கஜா புயலில் முந்திரித் தோப்பு மொத்தமும் சாய்ந்த காலையில் ஓவென்று அழுதார். அழுது முடித்து, விழுந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு ஓடு மாற்ற வந்துவிட்டார். அந்த மனுசன் எனக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையேறிப் போவதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. எனக்கு அறுபத்திரண்டுதான் ஆகிறது. இப்படி ஒருநாள் வாழ்ந்தால் போதும் என்று தோன்றியது.

கண்மாய் முக்கால்வாசி வற்றிக் கிடந்தது. மிச்சத் தண்ணீரின் மேல் வெள்ளையாக ஆவி படர்ந்திருந்தது. கரை நெடுக ஆட்கள் பேச்சு மூச்சில்லாமல் நின்றார்கள். முகம் தெரியாத அந்த வெளிச்சத்தில், செத்துப்போனவர்களும் வந்து கலந்து நிற்கிற மாதிரி இருந்தது. சித்திகூட எங்காவது நிற்பாள் என்று தேடினேன். அப்போது ஊர்த் தலைவரான அம்பலக்காரர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசினார். ஊரே ஹோவென்று தண்ணீருக்குள் பாய்ந்தது.

நாங்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினோம். வலது காலுக்குச் சேறு வெதுவெதுப்பாக இருந்தது. இடது காலுக்கு ஒன்றுமே இல்லை. நான் ஊன்றுகோலைச் சேற்றில் அழுத்தி நின்றேன். சித்தப்பா குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, என்னைச் சுற்றித் தடவ ஆரம்பித்தார்.

"சிக்கிருச்சுடா! வெரால்டா நாகராசு! ஆத்தாடி, எம்மாம் பெருசு!"

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். கலங்கிய தண்ணீரில் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால், எங்கேயோ நாலு வீடு தள்ளி யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி, என் இடது கணுக்காலில் ஓர் அழுத்தம். முதலில் ஒரு விரல். அப்புறம் இன்னொன்று. அப்புறம் அவருடைய இரண்டு கைகளும்.

"நழுவப் பாக்குதாடா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இல்ல சித்தப்பா. விட்றாதீங்க. இன்னும் நல்லா அழுத்திப் புடிங்க."

மோவாய் தண்ணீரைத் தொட, பல்லில்லாத வாய் முழுக்கச் சிரிப்போடு, அவர் அழுத்திப் பிடித்தார்.